‘நம்மாளா?’

1960-ல் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சியை ஆதரிக்கும் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் மனம் வருந்துவீர்களா? குடியரசுக் கட்சிக்காரர்களில் நூற்றுக்கு 5 பேரும், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 4 பேரும்தான் வருந்துவோம் என்றார்கள். ஐம்பது வருடம் கழித்து 2010-ல் ஏறக்குறைய அதே கேள்வி. இந்த முறை குடியரசுக் கட்சிக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரும், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவரும் வருந்துவோம் என்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பிக்கும் ஷாந்தோ ஐயங்காரும் அவருடைய சகாக்களும் 2012-ல் இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். இது வரி, போர், சட்டம் பற்றிய கருத்து வேறுபாட்டோடு நிற்கவில்லை, எதிர்த்தரப்பு ஆளைப் பார்த்தாலே வரும் வெறுப்பாகிவிட்டது என்பது அவர்கள் வாதம்.

இதைப் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து என் பழைய கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் தாமிரபரணிக் கரைப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் அவரை இன்னும் ‘சார்வாள்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“சம்பந்தத்துல வந்து நின்னுட்டுன்னா அது கட்சி இல்லடே. சாதி” என்றார்.

அமெரிக்காவைப் பற்றிப் பத்து வருடமாக நான் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைச் சொன்னதில்லை. நெல்லைக்காரனுக்கு அது உடனே புரிவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் சாதியை நேரே கேட்பதில்லை. “ஊர்ல எந்தப் பக்கம்?” என்பார்கள். “எந்தத் தெரு?” என்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், குலசாமி என்று சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல்லைக் கேட்பார்கள்: “நம்மாளா?”

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வாஷிங்டனில் அதை என்ன சொல்லிக் கேட்டாலும் பொருள் அதுதான்.

2025 ஜூலை 27-ம் தேதி பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பட்டப்பகலில் ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வயது 27, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். தாத்தாவைச் சித்த மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவரோடு பழகிய பெண்ணின் தம்பி கைதானார். பெண்ணின் பெற்றோர் இருவருமே காவல்துறைப் பணியில் இருந்தவர்கள். கொல்லப்பட்டவரின் குடும்பம் நாள்கணக்கில் உடலை வாங்க மறுத்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அக்டோபரில் இத்தகைய கொலைகளுக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அரசு அறிவித்தது. 1960-ல் அமெரிக்கரிடம் கேட்ட அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் கேட்டால் நூற்றுக்கு எத்தனை பேர் என்ன சொல்வார்கள் என்று கற்பனை செய்யவே எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் கல்யாண வயதில் முளைப்பதல்ல இந்த ‘நம்மாளா?’. பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. கையில் கட்டும் கயிறாக வருகிறது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் மாணவர்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டுவது பத்து வருடத்துக்கு முன்பே பத்திரிகைகளில் வந்த செய்தி. இன்ன நிறம் இன்ன சாதி. எந்த நிறம் எதற்கு என்று பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. தெரியாத ஒரு பையனுக்கு நான் கற்றுக் கொடுத்ததாக ஆகிவிடும். 2019 ஜூலை கடைசியில் பள்ளிக் கல்வித்துறை இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. இந்துக்களின் நம்பிக்கையில் தலையிடுகிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய அமைச்சர் கே.ஏ.செங்கோட்டையன், இருக்கும் நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். காப்புக் கயிறு வேறு, சாதிக் கயிறு வேறு என்று பிரித்துச் சொல்ல அன்று யாரும் மெனக்கெடவில்லை. நான் கோயிலுக்குப் போகிறவன், கையில் கயிறு கட்டுகிறவன். எங்கள் தரப்பில் எழுந்த அந்தக் கூச்சல் எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. சாமி கயிற்றுக்கும் சாதிக் கயிற்றுக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டியவர்கள் பக்தர்கள்தான். நாம் சொல்லவில்லை.

2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிறு கட்டுவதில் தொடங்கிய தகராறில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிபட்டு, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

2023 ஆகஸ்ட் 9-ம் தேதி இரவு நாங்குநேரி. வள்ளியூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவன். நன்றாகப் படிக்கிற பையன். உடன் படிக்கிற சில மாணவர்கள் அவனைத் தொடர்ந்து சீண்டினார்கள். அவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். ஆசிரியர்கள் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. புகார் சொன்ன அன்றே அரிவாளோடு வீடு தேடி வந்தார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் அங்கேயே சரிந்து இறந்தார். வெட்டியவர்களும் பள்ளிச் சிறுவர்கள்.

பத்திரிகைகள் இதை ‘இரு தரப்பு மோதல்’ என்று எழுதும்போது எனக்குக் கோபம் வரும். ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு பையனை வெட்டுவது மோதல் ஆகாது. இந்தப் பள்ளத்தாக்கில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒற்றுமை பேசுகிறவன் முதலில் அதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச வேண்டும்.

அந்தப் பையன் எந்தத் தவறுக்காக வெட்டப்பட்டான்? அவன் யாரையும் எதுவும் செய்யவில்லை. அவனுக்குப் பின்னால் இருப்பதாக அவர்கள் நினைத்த ஒரு கூட்டத்தின் கணக்கை அவன் மேல் தீர்த்தார்கள். வெட்டிய சிறுவர்களுக்கும் அந்தக் கூட்டத்தோடு சொந்தப் பகை எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன் கொடியங்குளத்தில் நடந்த போலீஸ் தாக்குதல், 1997-ன் போக்குவரத்துக் கழகப் பெயர்ச் சண்டை, அதற்கும் முந்தைய கதைகள் எல்லாம் யார் யாரோ சொல்லிக் கேட்டவை. வீட்டுத் திண்ணையிலும் குருபூஜை வேனிலும் செல்போனிலும் கேட்டவை. 1997-ல் ஒரு பெயர் வைத்ததற்காக எரிந்த தீயை அணைக்க அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் எடுத்தது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி ஆனது. பெயரை அழித்தார்கள். கணக்கு அழியவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வருகிறது.

2023 அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு காஸாவில் நடந்த போரில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் எத்தனை என்பதை நினைத்தால் சோறு இறங்காது. இஸ்ரேல் அரசைக் கண்டித்துத் தெருவில் நிற்பது எவருக்கும் உரிமை, பலருக்கு மனசாட்சியின் கட்டளை. ஆனால் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் வேறு பல வளாகங்களிலும் அந்த வருடமும் அடுத்த வருடமும் யூத மாணவர்கள் சிலர் எதிர்கொண்டது வேறு. நீ இஸ்ரேலைக் கைவிட்டுவிட்டாயா, சொல், அப்புறம் உன்னோடு பேசுகிறோம் என்ற பரீட்சை. பத்தொன்பது வயதுப் பிள்ளை, டெல் அவிவைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கலாம், நெதன்யாகுவுக்காகப் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கோட்பாடு வளாகங்களில் ஊறியிருந்தது: உலகம் ஒடுக்குபவர், ஒடுக்கப்பட்டவர் என்று இரண்டு பெட்டி, ஆளைப் பார்க்க வேண்டாம், எந்தப் பெட்டி என்று பார்த்தால் போதும். யூதரை எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 5-ல் நாடாளுமன்றக் குழு முன் மூன்று பெரிய பல்கலைக்கழகங்களின் தலைவர்களிடம், யூத இனத்தையே அழிக்கச் சொல்லிக் கோஷம் போடுவது உங்கள் விதிக்கு எதிரானதா என்று கேட்டபோது, சூழலைப் பொறுத்தது என்ற விதமாகப் பதில் வந்தது. அதில் இருவர் ஒரு மாதத்துக்குள் பதவி இழந்தார்கள்.

அமெரிக்க வலதுசாரி எழுத்தாளர்கள் இதைக் கண்டித்ததில் எனக்கு முழு உடன்பாடு. அவர்களுக்கு வெகு முன்பே, 1991-ல், கென்னடியின் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், இனக்குழுவாகப் பிரிந்து பிரிந்து நாடு சிதறுகிறது என்று எச்சரித்துப் புத்தகமே எழுதினார். அவர் வலதுசாரி அல்ல.

ஆனால் அந்த வலதுசாரிகள் தங்கள் வீட்டு முற்றத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. 2017-ல் சார்லட்ஸ்வில் நகரத்தில் தீப்பந்தம் ஏந்தி யூதர்களுக்கு எதிராகக் கோஷம் போட்டவர்கள் வெள்ளை அடையாளம் பேசியவர்கள். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவனும் அந்த வெறுப்பில் ஊறியவன்தான். 2023 அக்டோபர் 14-ல், ஹமாஸ் தாக்குதல் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, இல்லினாய் மாநிலத்தில் ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டில் வாடகைக்கு இருந்த பாலஸ்தீனப் பெண்ணையும் அவளுடைய ஆறு வயது மகனையும் கத்தியால் குத்தினார். குழந்தை இறந்துவிட்டது. 2025 மே மாதம் வாஷிங்டனில் யூத அருங்காட்சியகத்துக்கு வெளியே இஸ்ரேல் தூதரகத்தில் வேலை பார்த்த இரண்டு இளம் ஊழியர்களைப் பாலஸ்தீனத்தின் பெயரைச் சொல்லி ஒருவன் சுட்டுக் கொன்றான். ஆறு வயதுப் பிள்ளை ஹமாஸுக்குப் பதில் சொன்னது; தூதரக ஊழியர்கள் காஸாவுக்குப் பதில் சொன்னார்கள்; நாங்குநேரிப் பையன் அவன் தெருவுக்குப் பதில் சொன்னான். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதவர்களின் அரசியலில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது எந்தப் பக்கத்து அரசியலாக இருந்தாலும்.

இதில் எங்கள் ஆட்களும் உண்டு. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்து கலிபோர்னியாவில் வீடு வாங்கிய எத்தனையோ பேர். அவர்களோடு சாதியும் விமானம் ஏறிப் போயிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் நகரம். கலிபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவைகளும் அதே போல ஒரு மசோதாவை நிறைவேற்றின. ஆளுநர் நியூசம், இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் மறுத்த தேதி 2023 அக்டோபர் 7. உலகம் முழுக்க வேறு செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த நாள் என்பதால் அது எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை.

நான் கல்லூரியில் படித்தது தொண்ணூறுகளின் கடைசியில். பாளையங்கோட்டையைச் சுற்றி இரண்டு மூன்று மைலுக்குள் சேவியர் கல்லூரி, ஜான்ஸ், சாரா டக்கர், சதக்கத்துல்லா அப்பா. ஆற்றைத் தாண்டினால் ம.தி.தா. இந்துக் கல்லூரி. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் முஸ்லிம்களும் இந்துக்களும் கட்டிய இந்தக் கல்லூரிகளில் யாரும் யார் பிள்ளையையும் வாசலில் நிறுத்தியதில்லை. என்னோடு மேலப்பாளையத்து நண்பன் ஒருவன் படித்தான். 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்தபின் அவன் அண்ணன் வேலைக்காக மேலப்பாளையத்துக்கு வெளியே வீடு தேடினான். ஊர் மேலப்பாளையம் என்று சொன்னதும் வீடு இல்லை என்றார்களாம். நண்பன் இதை என்னிடம் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வீட்டு மாடி அப்போது காலியாகத்தான் இருந்தது. அது என் நினைவுக்கு வந்தது, வாயில் வரவில்லை. அப்பாவிடம் கேட்டால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கேட்டும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி. கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் பிணமாக மிதந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. தோட்டத்தில் வேலை பார்த்தவர்களில் பட்டியல் சாதியினர் அதிகம்; ஆனாலும் அங்கே முஸ்லிமும் கிறிஸ்தவரும் மற்றச் சாதியினரும் ஒரே லயத்தில் இருந்து ஒரே கூலி வாங்கியவர்கள், ஒரே கூலிக்காக மலையிறங்கி வந்தவர்கள். ஒவ்வொரு ஜூலையிலும் கட்சிகள் ஆற்றங்கரைக்கு வந்து மலர் தூவிப் போகின்றன. ஆண்டுகள் போகப் போக அது கூலிக்காக இறந்தவர்களின் நாள் என்பது மங்கி, ஒரு சாராரின் நாள் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கியவர்கள் பக்கம்தான் தப்பு.

மரபை நேசிக்கிற ஒருவன் இதற்கெல்லாம் என்ன பதில் வைத்திருக்கிறான் என்று சார்வாள் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. குடும்பம், தெரு, கோயில், உறவுமுறை இவைதான் மனிதனுக்கு அன்பைக் கற்றுத்தரும் முதல் பள்ளி என்று மரபுவாதிகள் சொல்வோம். சாதிச் சங்கமும் அதையேதானே சொல்கிறது?

சொல்கிறது. விருதுநகரில் நாடார் உறவின்முறையார் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து 1889-ல் சத்திரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். சாதி இழிவுக்கு ஆளான ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளி. ஆனால் அதன் கதவு மற்றவர்களுக்கும் திறந்திருந்தது. அந்தப் பிடியரிசியில் படித்தவர்தான் காமராஜர். உறவுமுறை என்பது ஒரு கதவைத் திறக்கும் கையாகவும் இருக்கலாம். பிள்ளையின் கையில் அடையாளக் கயிறு கட்டிவிடுகிற கையாகவும் ஆகலாம். முன்னதற்கு நான் தலை வணங்குகிறேன். பின்னதை மரபு என்று யார் சொன்னாலும் எதிர்த்து நிற்பேன்.

மரபு தோற்ற இடமும் இந்த ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. சேரன்மகாதேவி. லண்டனிலும் புதுச்சேரியிலும் புரட்சி பேசி, குறளை ஆங்கிலத்தில் தந்த வ.வே.சு. ஐயர், 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பிறகு சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்த தமிழ் குருகுலம். வெள்ளைக்காரன் கல்வி வேண்டாம், தமிழும் தொழிலும் உடற்பயிற்சியும் கற்ற பிள்ளைகள் வேண்டும் என்ற கனவு. எல்லாச் சாதியாரும் பணம் கொடுத்தார்கள். காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடு எழுதினார், பெரியார் கொதித்தார், காந்தியே சமரசம் பேசினார். ஐயர் நல்லவர், பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார். வாக்கைவிடப் பந்தி பெரியது என்று அவருக்குத் தோன்றவில்லை. பிறப்பினால் வேறுபாடு கூடாது என்ற தீர்மானம் 1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்டோர் அதை ஏற்காமல் பதவி விலகினார்கள். ஜூனில் ஐயர் பாபநாசம் மலையில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தானும் போனார். அந்த வருடக் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அடுத்த நூறு வருடத் தமிழக அரசியலின் ஒரு வேர் அந்த இரண்டு இலைகளில் இருக்கிறது. அன்று ஐயர் அந்த இரண்டு பிள்ளைகளையும் பந்தியில் சேர்த்து உட்கார வைத்திருந்தால், என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். எங்கள் தரப்பு தானாகச் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. அதனால்தான் வேறொருவர் உடைத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

அதே சேரன்மகாதேவியைப் பற்றி இன்னொரு கதை சொல்வார்கள். முதலமைச்சர் காமராஜரின் கார் ரயில்வே கேட்டில் நின்றபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம், ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றாராம். போனால் சோறு போடுவீர்களா என்று கேட்டானாம். கதை எப்படியோ, 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் தொடங்கிவைத்தார். சி.சுப்பிரமணியமும் நெ.து.சுந்தரவடிவேலுவும் கூட இருந்து சுமந்த திட்டம். பசிக்குச் சோறு என்றுதான் எல்லோரும் அதைப் புகழ்கிறோம். எனக்கு அதில் பெரிது, சேரன்மகாதேவியில் உடைந்த பந்தியை முப்பது வருடம் கழித்து அரசாங்கம் ஊர் ஊராக மறுபடி போட்டது என்பது.

அதே எட்டயபுரம் வட்டத்தில் 2023 செப்டம்பரில் ஒரு கிராமத்துப் பள்ளியில் காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை; சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பெற்றோர் தடுத்தார்கள் என்று புகார் எழுந்தது. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் அவர்கள் கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை. அன்று அவர்கள் செய்தது சரி. ஓர் ஊரைத் திருத்த அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி கே.சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் வேண்டாம். பெயரின் அகர வரிசையில் உட்கார வையுங்கள். ஓர் ஊரில் ஆதிக்கம் உள்ள சாதியைச் சேர்ந்தவரை அந்த ஊருக்கே தலைமையாசிரியராகப் போடாதீர்கள். வாரம் ஒரு பாடவேளை அறநெறி. இத்தனையும் எனக்குச் சம்மதம். அறநெறி வகுப்பைப் பற்றி ஒருவரும் பேசாமல் விட்டதுதான் வருத்தம். நீதிபோதனை வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்து மூடியதும் நாம்தான்.

இரண்டு இடத்தில் எனக்கு மாறுபாடு. கயிறு, மோதிரத்தோடு நெற்றித் திலகத்தையும் சேர்த்துத் தடுக்கச் சொல்கிறது அறிக்கை. நெல்லையப்பர் கோயில் திருநீறு எந்தச் சாதிக்கும் தனிச்சொத்து இல்லை. எல்லோர் நெற்றியிலும் ஏறுகிற ஒன்றை, பிரிக்கிற அடையாளத்தோடு சேர்த்து எண்ணினால், கயிற்றை எதிர்க்க வேண்டிய பக்தனைக் கயிற்றின் பக்கம் தள்ளிவிடுவீர்கள். அதுதான் நடந்தது: பா.ஜ.க. அறிக்கை முழுவதையும் இந்து விரோதம் என்று ஒதுக்கியது, நல்ல பரிந்துரைகளும் அந்தச் சத்தத்தில் போயின. அடுத்தது, சமூக நீதி மாணவர் படை என்று ஒன்றைச் சீருடையோடு அமைக்கச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் இன்னொரு படை வேண்டாம். ஆசிரியர் வேண்டும். பையனை அதட்டினால் ஊரே திரண்டு வரும் என்று பயப்படாத ஆசிரியர், பின்னால் தலைமையாசிரியரும் கல்வி அலுவலரும் நிற்பார்கள் என்று நம்புகிற ஆசிரியர். நாங்குநேரிப் பையன் வாயைத் திறந்தது ஆசிரியர்கள் அக்கறையோடு கேட்டதால்தான். அவனை அன்று மாலை வீடுவரை யார் காப்பது என்பதற்கு மட்டும் யாரிடமும் ஏற்பாடு இல்லை.

“கயித்தை அறுத்து எறிஞ்சா மறுநாள் ரெண்டு கட்டிட்டு வருவான்” என்றார் சார்வாள். “நான் மேசை மேல கத்தரிக்கோலை வச்சுட்டு வெளிய போயிருவேன். பத்து நிமிஷம். யாரு அறுத்தான், யாரு அறுக்கலேன்னு பார்க்க மாட்டேன். சில வருஷம் டிராயர்ல நாப்பது கெடக்கும். சில வருஷம் ஒண்ணுகூடக் கெடக்காது.”

“எது தீர்மானிக்கும்?”

“அந்த வருஷம் எலெக்‌ஷனான்னு பார்த்துக்கோ” என்றார்.

நாங்குநேரிப் பையன் வெட்டுப்பட்ட கையோடு, சொல்வதை எழுதுகிறவர் துணையுடன் பிளஸ் டூ எழுதி 600-க்கு 469 வாங்கினான். 2025 ஏப்ரலில் அவனைத் திருநெல்வேலியில் மறுபடி தாக்கினார்கள். அதற்கு முந்தின மாதம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் ஒன் மாணவனை இறக்கி வெட்டினார்கள், விரல்கள் துண்டாயின. கபடி ஆட்டத்தில் ஜெயித்ததற்காக என்றார்கள். மேலே பாபநாசத்திலிருந்து கீழே ஸ்ரீவைகுண்டம் வரை ஒரே ஆறு, ஒரே செய்தி.

இந்தக் கட்டுரைக்காக ஆற்றங்கரை ஊர் ஒன்றின் அரசுப் பள்ளிக்கு மதிய நேரத்தில் போயிருந்தேன். மணி அடித்ததும் குழாயடியில் வரிசை. முழுக்கைச் சட்டையைப் பையன்கள் மடித்துவிட்டுக் கை கழுவினார்கள். சட்டைக்குள் இருந்ததெல்லாம் அப்போதுதான் தெரிந்தது: நனைந்த கயிறுகள், விதவிதமான நிறத்தில். நான் எண்ண ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பிறகு தரையில் உட்கார்ந்தார்கள். சாம்பார் சாதம், முட்டை. ஓரத்தில் இருந்த ஒருவன், பிடிக்காதோ என்னவோ, தன் முட்டையை எடுத்துப் பக்கத்துப் பையன் தட்டில் வைத்தான். இருவர் மணிக்கட்டிலும் வேறு வேறு நிறம். அந்தப் பையன் அதைப் பாதியாகப் பிய்த்து, மஞ்சள் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளையைத் திருப்பி வைத்தான். இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

பள்ளி நாலே கால் மணிக்கு விடும் என்றார் தலைமையாசிரியர். பஸ் ஸ்டாப்பில் அதற்கு முன்பே பெரிய பையன்கள் சிலர் பைக்கோடு வந்து நிற்பார்களாம். படித்து முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள். “அதுக்கப்புறம் எங்க கையில இல்ல சார்” என்றார். அன்று நாலே கால் மணி வரை நானும் அவரோடு வாசலில் நின்றேன்.